ஜானகி அம்மாள் கரும்பை இனிக்க வைத்தாரா? ஃபார்வர்டு கதையும் நிஜ வேலையும்

தும்பை

நேற்று எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஃபார்வர்டு. தாவரவியலாளர் ஜானகி அம்மாளைப் பற்றி. நம் நாட்டுக் கரும்பை இனிக்க வைத்தவரே அவர்தானாம். அதுவரை சப்பென்று இருந்ததாம். கேரளத்தின் சைலன்ட் வேலிக் காட்டை ஒற்றை ஆளாகக் காப்பாற்றினாராம். பத்ம விருது வாங்கிய முதல் பெண் விஞ்ஞானியாம். கீழே வரிசையாகக் கைகூப்புகள்.

இருபத்தாறு வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள் நான். அவரைப் பற்றிப் பேசுகிறார்களே என்று சந்தோஷமாகவும் இருந்தது, இப்படிப் பேசுகிறார்களே என்று எரிச்சலாகவும் இருந்தது. இதில் பாதி சரியில்லை என்று பதில் போட்டேன். சித்தி மகன் உடனே, “சரி அக்கா, அப்படியென்றால் அவர் என்னதான் செய்தார்?” என்று கேட்டான். நாலு வரியில் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. அதனால்தான் இந்த இழை.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் வைத்துவிடுகிறேன். 1897ல் தலச்சேரியில் பிறந்தவர். அப்பா சப் ஜட்ஜ். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும், பிறகு மாநிலக் கல்லூரியிலும் படிப்பு. 1921ல் தாவரவியல் ஆனர்ஸ். பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியை வேலை. அங்கிருந்து, ஆசியப் பெண்களுக்கென்று மிச்சிகன் பல்கலைக்கழகம் வைத்திருந்த பார்பர் உதவித்தொகையில் அமெரிக்கா. 1931ல் அங்கேயே டி.எஸ்ஸி. என்ற முனைவர் பட்டம். திரும்பி வந்து திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் இரண்டு வருடம் பேராசிரியர். 1934 முதல் 39 வரை கோவை கரும்பு இனப்பெருக்கு நிலையம். அப்புறம் பன்னிரண்டு வருடம் இங்கிலாந்து. 1951ல் நேரு அழைத்து இந்தியா வந்தார். 1984ல் இறக்கும்வரை அரசு ஆய்வகம், பல்கலைக்கழகம் என்றே போனது.

பத்ம கதையை இங்கேயே முடித்துவிடலாம். இவருக்குப் பத்மஸ்ரீ 1977ல். வேதியியலாளர் அசீமா சாட்டர்ஜிக்கு 1975லேயே பத்மபூஷன் கொடுத்தாகிவிட்டது.

கரும்பும் சைலன்ட் வேலியும் மிச்சம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

கரிசல்காடு

அக்கா, கரும்பு விஷயத்தில் கை வைக்காதீர்கள். எங்கள் தாத்தா ஆலை ஆட்டியவர். கோ 419 என்ற கரும்பு ரகம் வந்த பிறகுதான் நாலு காசு பார்த்தோம் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த “கோ” என்பது கோயம்புத்தூர்தானே? அந்த அம்மா அங்கேதானே இருந்தார்?

ஒட்டுமாங்கன்று

கரிசல் அண்ணா, கோ என்றால் கோயம்புத்தூர்தான். ஆனால் வருடத்தைப் பாருங்கள். நிலையம் ஆரம்பித்தது 1912ல். முதலில் பொறுப்பில் இருந்தவர் சி. ஏ. பார்பர், கூட வேலை பார்த்தவர் டி. எஸ். வெங்கட்ராமன். அவர்கள் உருவாக்கிய கோ 205 ரகம் 1918லேயே வயலுக்குப் போய்விட்டது. ஜானகி அம்மாள் சேர்ந்தது 1934ல். பதினாறு வருடம் வித்தியாசம். இனிக்க வைத்தவர் என்று ஒருவரைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் வெங்கட்ராமனைச் சொல்லலாம். அதுவுமே முழுக்கச் சரியாகாது.

(கோவை பார்பர் வேறு, மிச்சிகன் உதவித்தொகை பார்பர் வேறு. ஆங்கிலத்தில் எழுத்து மாறும், தமிழில் இரண்டும் ஒன்றாக வந்து தொலைக்கிறது. ஒரு கட்டுரையில் கோவை பார்பரே இவரை அமெரிக்காவுக்கு அனுப்பியதாக எழுதிவைத்திருந்தார்கள்!)

கரிசல்காடு

சரி தம்பி, வருடக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஐந்து வருடம் அங்கே உட்கார்ந்து என்ன செய்தார்?

ஒட்டுமாங்கன்று

எண்ணினார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதுதான் வேலையே.

கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். நம் பக்கத்துத் தடித்த கரும்பில் சாறும் சர்க்கரையும் அதிகம், ஆனால் நோஞ்சான். குளிர் தாங்காது, நோய் தாங்காது. வட இந்தியாவில் மெல்லிய கரும்புதான் நின்றது, சர்க்கரை குறைவு. ஆற்றங்கரையில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் நாணல் இருக்கிறதே, அதுவும் கரும்புக்குப் பங்காளிதான். இனிப்பு கிடையாது, ஆனால் எதையும் தாங்கும். “வெள்ளை” என்ற தடித்த கரும்பைத் தாயாகவும் கோவைப் பக்கத்து நாணலைத் தகப்பனாகவும் வைத்துச் சேர்த்ததுதான் கோ 205. கோவையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. கரும்பு எல்லா இடத்திலும் ஒழுங்காகப் பூக்காது. கோவையில் பூக்கும், விதையும் பிடிக்கும். பூக்காவிட்டால் கலப்புக்கு வழியே இல்லை.

இப்போது கணக்கு. குரோமோசோம் என்றால் செல்லுக்குள் மரபுக் குணங்களைச் சுமக்கும் நூல் மாதிரியான துணுக்கு. தடித்த கரும்பின் செல்லில் அது 80. கோவை நாணலில் 64. சாதாரணமாகத் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி வரவேண்டும்: 40 + 32 = 72. ஆனால் கோ 205ல் இருப்பது 112. தாய் பாதியைக் கொடுக்காமல் 80ஐயும் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. தகப்பனிடமிருந்து மட்டும் 32. இந்த வினோதத்தை முதலில் விளக்கியது ஜாவாவில் இருந்த டச்சு விஞ்ஞானி பிரெமர்.

அதாவது கரும்புக் குடும்பத்தில் யார் யாருடன் சேர்ந்தால் எத்தனை வரும் என்பதை ஊகிக்கவே முடியாது, மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணித்தான் ஆகவேண்டும். நாணலே இடத்துக்கு இடம் மாறும். 40லிருந்து 128 வரை பார்த்திருக்கிறார்கள். அதுவரை வயலில் பார்வையாலும் அனுபவத்தாலும் நடந்துகொண்டிருந்த கலப்புக்கு செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் இவர். கரும்பைச் சோளத்தோடு, மக்காச்சோளத்தோடு, காட்டுப் புற்களோடெல்லாம் சேர்த்துப் பார்த்தார். கரும்பு மக்காச்சோளக் கலப்பு பற்றிய குறிப்பு 1938ல் நேச்சர் இதழில் வந்தது. அதிலிருந்து புது ரகம் எதுவும் உழவர் கைக்கு வந்ததாக நினைக்க வேண்டாம். இரண்டு வேறு பேரினங்கள் எவ்வளவு தூரம் ஒட்டும் என்று காட்டிய வேலை அது.

சந்தேகப்பிராணி

ஆக, பிரம்மாண்டமாக ஒன்றும் இல்லை. எண்ணினார், எழுதினார். பிறகு இங்கிலாந்துக்குப் போனார், அங்கேயும் எண்ணினார். இதைத்தானே சொல்ல வருகிறீர்கள்?

ஒட்டுமாங்கன்று

ஆமாம் சார், அதேதான். நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள், எனக்கு அது குறையாகப் படவில்லை. 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் மரபியல் மாநாடு. போனார். யுத்தம் வந்துவிட்டது. லண்டன் பக்கத்தில் இருந்த ஜான் இன்னஸ் தாவர ஆராய்ச்சி நிலையத்தில் 1940லிருந்து 45 வரை வேலை. தலைக்கு மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம். அங்கே மரபியலாளர் சி. டி. டார்லிங்டனும் இவரும் சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளையெல்லாம் ஒரே புத்தகமாகத் தொகுத்தார்கள், 1945ல் அச்சானது. கலப்பு செய்கிற எவனும் முதலில் புரட்டுகிற புத்தகமாக அது ரொம்ப நாள் இருந்தது. டெலிபோன் டைரக்டரியை யாரும் இலக்கியம் என்று சொல்வதில்லை, ஆனால் அது இல்லாமல் யாரைக் கூப்பிடுவீர்கள்?

தும்பை

அதற்குப் பிறகு இங்கிலாந்திலேயே விஸ்லி தோட்டம், ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி என்ற தோட்டக்கலைச் சங்கத்துடையது. வகுப்பில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பது அந்தக் கதையைத்தான். செங்காந்தளில் இருக்கிறதே கால்ச்சிசின், அதை மக்னோலியா என்ற பூமரத்தின் நாற்றுக் குருத்தில் வைத்தார். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கிற நூல்களை அந்த மருந்து உருவாகவிடாது. குரோமோசோம் இரட்டித்துவிடும், செல் மட்டும் பிரியாது. 38 இருந்த இடத்தில் 76. செல் பெரிதாகும், இதழ் தடிக்கும், பூ பெரிதாகும். அந்த மரங்கள் விஸ்லியில் ஒரு மேட்டில் இன்னும் பூக்கின்றன. ஒரு ரகத்துக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, எவ்வளவு நிஜமோ தெரியாது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை: ஊரிலிருந்து ஓர் அணிலை இங்கிலாந்துக்குக் கடத்திக்கொண்டு போய் வளர்த்தாராம். பெயர் “கேபக்”, நம் இலவம்பஞ்சு!

மூணாம்பெஞ்சு

அணிலுக்கு விசா வாங்கினாரா என்று ஃபார்வர்டில் போடவில்லையா?

சந்தேகப்பிராணி

சரி, அணிலை விடுங்கள். என் கேள்வி வேறு. விஸ்லியில் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது? 1951ல் இங்கே வந்தார். எதற்கு? ஃபைல் தள்ளுவதற்கு. ஸ்பெஷல் ஆபீசர் என்று ஒரு பதவி, கல்கத்தா, லக்னோ, அலகாபாத் என்று அலைச்சல், கமிட்டி, நோட், மறுநோட். நானும் ஒரு அரசு ஆய்வகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டினவன். ஒரு மைக்ராஸ்கோப் பல்பு வாங்க எட்டு மாதம் ஆனதைப் பார்த்தவன். அந்த வயதில் அவரைக் கூப்பிட்டு அதில் உட்கார வைத்தது அவருடைய அறிவியலுக்கு நடந்த நஷ்டம் என்றுதான் சொல்வேன். நாட்டுப்பற்று என்று பூச்சூட்ட வேண்டாம்.

ஷீட்நம்பர்

இதற்குப் பதில் சொல்லத்தான் ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறேன். உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைக்கும் ஹெர்பேரியத்தில் வேலை பார்க்கிறவன், அதனால் கொஞ்சம் நீளும்.

ஒரு ஹெர்பேரியம் ஷீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? 42 சென்டிமீட்டர் நீளம், 28 அகலம், கெட்டி அட்டை. பூவோடும் இலையோடும் அழுத்தி உலர்த்திய கிளை. தடித்த காம்பை நூலால் தைத்திருப்பார்கள். வலது கீழ் மூலையில் லேபிள்: எந்த ஊர், எந்த மலை, எத்தனை அடி உயரம், யார் பறித்தது, என்றைக்கு. அதற்கு மேலே சின்னச் சின்னத் துண்டுச் சீட்டுகள். பின்னால் வந்த ஒவ்வொருவரும் “இது அதுவல்ல, இது” என்று தேதி போட்டு ஒட்டியவை. அறுபது வருடம் கழித்து ஒருவர் வந்து முதலில் சொன்னவர்தான் சரி என்று நாலாவது சீட்டு ஒட்டுவார். பழைய சீட்டை யாரும் கிழிப்பதில்லை.

ஒரு செடிக்குப் பெயர் வைக்கும்போது எந்த ஷீட்டைப் பார்த்து வைத்தார்களோ அதுதான் மூலப்பிரதி. வெள்ளைக்காரன் காலத்தில் நம் காட்டுச் செடிகளின் மூலப்பிரதிகள் ஏராளமாக லண்டனுக்கும் அங்கே உள்ள கியூ தாவரவியல் தோட்டத்துக்கும் போய்விட்டன. ஆனைமலையில் பறித்த செடி இன்னதுதான் என்று உறுதிசெய்ய கியூவுக்குக் கடிதம் போடவேண்டும். சென்னை மாகாணத்துக்கு நாம் இன்றைக்கும் புரட்டுகிற கேம்பிளின் ஃப்ளோரா, அதாவது செடிகளின் விவரத் தொகுப்பு நூலே அப்படி எழுதப்பட்டதுதான்.

நாட்டின் செடிகளைக் கணக்கெடுக்க 1890ல் ஆரம்பித்த அரசு நிறுவனமான பொட்டானிக்கல் சர்வே, 1940களில் பெயருக்குத்தான் இருந்தது. நேரு அரசு இவரைக் கூப்பிட்டது அதைத் திரும்ப எழுப்பத்தான். 1954ல் புதுத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அடுத்தடுத்து கோவை, ஷில்லாங், புனே, டேராடூனில் வட்டார நிலையங்கள். அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வகம், அதற்கு இவர் தலைவர். கோவை லாலி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் இன்று தென் வட்டாரத்தின் கையில்தான் இருக்கிறது. ஆனைமலைச் செடிக்கு இப்போது பஸ் ஏறினால் போதும். சந்தேகப்பிராணி சார் ஃபைல் என்று சொல்வது இதைத்தான்.

சந்தேகப்பிராணி

ஷீட், நீங்கள் சொன்னது நன்றாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதிக் கதையில் நிறுத்திவிட்டீர்களே. அவ்வளவு செய்துவிட்டு, சர்வேயின் தலைமை அவருக்குக் கிடைத்ததா?

ஷீட்நம்பர்

கிடைக்கவில்லை. சான்டாபாவுக்குப் போனது. ஸ்பெயினில் பிறந்த ஏசுசபைப் பாதிரியார், பம்பாய் சேவியர் கல்லூரிப் பேராசிரியர். இந்தியச் செடியை இந்தியர்கள் படிக்கவேண்டும் என்று நினைத்த ஜானகிக்கு அது பெரிய ஏமாற்றம். கடைசியில் கியூதான் ஜெயித்தது என்கிற மாதிரி டார்லிங்டனுக்குக் கடிதத்தில் புலம்பியிருக்கிறார்.

இதில் நான் ஜானகி கட்சி முழுக்க இல்லை. சான்டாபா எழுதிய கண்டாலா ஃப்ளோராவைப் புரட்டிப் பார்த்தால் அவர் சாமானியப்பட்ட ஆள் இல்லை என்பது தெரியும். அவர் காலத்தில் சர்வேயும் வளர்ந்தது. ஆனாலும் அந்த வருத்தம் நியாயமானது என்றும் தோன்றுகிறது. சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டிருந்த தீயர் சமூகத்துப் பெண், கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாக வாழ்ந்தவர். கோவையிலும் அதனால் இடைஞ்சல்கள் இருந்தன என்று அவருடைய வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தும்பை

ஷில்லாங் கடிதம் ஒன்று இருக்கிறதே, அதையும் சொல்லிவிடுங்கள்.

ஷீட்நம்பர்

மக்னோலியா கிரிஃபித்தியையா? ஆமாம். அஸ்ஸாமின் அந்தப் பகுதியில் அந்த இனத்து மரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத் தேடி ஷில்லாங்கிலிருந்து முப்பத்தேழு மைல் போகிறார். போய்ப் பார்த்தால் மரம் எரிந்து கிடக்கிறது. விஸ்லியில் மக்னோலியா நாற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வளர்த்தவர் அவர். ஒரு ஷீட்டுக்குக்கூட வழியில்லாமல் திரும்பியிருப்பார்.

உணவு உற்பத்தியைப் பெருக்கு என்று 1940களிலிருந்தே அரசு காட்டை வெட்டிக் கழனியாக்கிக்கொண்டிருந்த காலம் அது. 1955ல் பிரின்ஸ்டனில் மனிதன் பூமியை எப்படி மாற்றுகிறான் என்று ஒரு பெரிய கருத்தரங்கு. அங்கே இவர் பேசிய தலைப்பு, இந்தியாவின் பிழைப்புப் பொருளாதாரம். பழங்குடிகள் எந்தக் கிழங்கைத் தோண்டுகிறார்கள், எந்தச் செடியை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பதும் தாவரவியல்தான் என்று நினைத்தவர்.

பாலக்காட்டுக்காற்று

சைலன்ட் வேலிக்கு நான் வரட்டுமா? மண்ணார்க்காடு பக்கம் எங்கள் அம்மா வீடு.

தனியாளாகக் காப்பாற்றினார் என்பது தவறு. குந்திப்புழாவில் அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம். எதிர்த்தவர்களில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் உண்டு, கவிஞர் சுகதகுமாரி உண்டு, பறவையியலாளர் சலீம் அலி உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் வேளாண் செயலாளராக இருந்தபோது பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். திட்டத்தை ஆராய எம். ஜி. கே. மேனன் கமிட்டி உட்கார்ந்தது. 1983ல் திட்டம் கைவிடப்பட்டது. எத்தனையோ பள்ளிக்கூட வாத்தியார்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். அவர்கள் பெயரெல்லாம் எந்த ஃபார்வர்டிலும் வராது.

இந்த அம்மா அதில் செய்தது அவருக்கே உரிய காரியம். எண்பது வயதை ஒட்டி, தண்ணீருக்குள் போகப்போகிற காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கக் கிளம்பினார். காடு போனாலும் கணக்காவது மிஞ்சட்டும் என்பதுபோல. 1984 பிப்ரவரியில் அவர் போய்ச்சேர்ந்தார், நவம்பரில் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. திட்டம் கைவிடப்பட்ட செய்தியையாவது கேட்டுவிட்டுத்தான் போனார்.

கரிசல்காடு

எண்பது வயதில் மலை ஏறினாரா? எனக்கு அறுபதில் வரப்பு ஏற முடியவில்லை.

தும்பை

அண்ணா, ஓய்வு என்பதே அவருக்குக் கிடையாது. அலகாபாத்துக்குப் பிறகு ஜம்மு ஆய்வகம், மருந்துச் செடிகள். கொஞ்ச நாள் டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையம். 1970 நவம்பரில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயர் ஆய்வு மையத்துக்கு வந்தார். மதுரவாயலில் அவர்களுடைய வயல் ஆய்வகம். கடைசிவரை அங்கேதான். இன்றைக்கு அந்தப் பக்கம் பைபாஸும் லாரியும்தான் கண்ணில் படும். அன்று செடி வளர்க்க இடம் இருந்திருக்கிறது.

சந்தேகப்பிராணி சார் சொன்ன நஷ்டம் எனக்கும் மறுக்க முடியாததாகத்தான் இருக்கிறது. 1951க்கு முந்தைய வேகத்தில் ஆய்வுக் கட்டுரைகள் பின்னால் வரவில்லை. ஆனால் அவர் வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்த்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. கோவையில் செல்லுக்குள் எண்ணினார், சர்வேயில் நாட்டில் என்னென்ன இருக்கிறது என்று எண்ண ஆள் சேர்த்தார், சைலன்ட் வேலியில் திரும்பவும் மைக்ராஸ்கோப். சித்தி மகனுக்கு இதைத்தான் எழுதப்போகிறேன். கைகூப்பு வராது, பரவாயில்லை.

இரண்டாமாண்டு

மேடம், நான் பி.எஸ்ஸி. தாவரவியல் படிக்கிறேன். வெங்காய வேரில் 16 எண்ணியிருக்கிறோம். கரும்பில் எண்ணிப் பார்க்க முடியுமா? கல்லூரி லேபில் செய்யலாமா?

தும்பை

செய்யலாம் தம்பி. கணுவோடு ஒரு கரணையை மணலில் புதைத்து ஈரமாக வை. சில நாளில் வெள்ளையாக வேர் விடும். காலையில் வேர்நுனியை வெட்டு, அரை அங்குலம் போதும். நேராக சாயத்தில் போடாதே, குரோமோசோம்கள் நூல்கண்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். முதலில் பாராடைகுளோரோபென்சீன் கரைசலில் சில மணி நேரம், அப்போதுதான் அவை சுருங்கிப் பிரிந்து நிற்கும். பிறகு ஒரு பங்கு அசிட்டிக் அமிலம், மூன்று பங்கு ஆல்கஹால். அப்புறம் அசிட்டோகார்மைன் சாயம், மெதுவாகச் சூடு, கண்ணாடி மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்து. விரல் நகர்ந்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. கண்ணால் எண்ணாதே, வரைந்துகொண்டு எண்ணு.

இரண்டாமாண்டு

மேடம், பன்னிரண்டு நாள் ஆயிற்று, மன்னிக்கவும். ஏழு ஸ்லைடு வீண். எட்டாவதில் மூன்று செல் தெளிவாகக் கிடைத்தது. ஒன்றில் 104, ஒன்றில் 109, ஒன்றில் 113. 80 வரவே இல்லை. எங்கே தப்பு செய்தேன்?

ஒட்டுமாங்கன்று

80 வராது தம்பி. கடைக் கரும்பு எல்லாமே பெரும்பாலும் அந்தக் கலப்பின் வாரிசுதான். 100க்கும் 130க்கும் நடுவில் எங்கேயாவது நிற்கும்.

தும்பை

ஆனால் ஒரே வேரில் மூன்று செல்லுக்கு மூன்று எண் என்றால் எண்ணியதில் பிசகு இருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்று படுத்திருப்பதை ஒன்றாக எண்ணியிருப்பாய். அந்த ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிடாதே, ஓரத்தில் நெயில் பாலீஷ் தடவி மூடி வை. நாளைக் காலை புதுக் கண்ணோடு 113ஐ மட்டும் திரும்ப வரை.